நாற்பதாம் நாள்

தை பத்தொன்பதோ இருபதோ, எங்கள் மெழுகுவர்த்தித் திருநாள்.
கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இன்னும் கழற்றாத வீடுகள்
அன்றோடு கழற்றிவிடும்.
எங்கள் வீட்டு நட்சத்திரம் மார்கழி மழையிலேயே
வால் அறுந்து எதிர்வீட்டுக் கேபிளில் விழுந்தது.
அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வேலை, காரைக்குடியில் பழைய சாமான் கடை.
பிரித்துப் பங்குபோட்ட வீடுகளின் சரவிளக்குகள்
சாக்கில் கட்டி வரும்.
கண்ணாடித் துளிகளை வினிகர் தண்ணீரில் கழுவி
எண்ணிக் கோப்பேன். எப்போதும் ஒன்றிரண்டு குறையும்.
கிண்ணங்களின் அடியில் பழைய மெழுகு,
யார் கல்யாணத்து ராத்திரியோ,
ஊசியால் சுரண்டினால்
கரப்பான் வாடைதான் வரும்.

அரைநாள் லீவு கேட்டபோது முதலாளி வயிரவன் சிரித்தார்:
"இன்வெர்ட்டர் இருக்கு, மெழுகுவர்த்திக்கு ஒரு திருநாளா?"
பதில் இருந்தது. கடையில் வைத்துச் சொல்ல வரவில்லை.

போன வருசம் மந்திரித்தது
புயல் ராத்திரியில் மூன்று விரல் எரிந்தது.
மாமனாருக்கு மூச்சு இழுத்தபோது தலைமாட்டில் ஐந்து விரல்.
மிச்சம், கரண்ட் பில் கட்ட மறந்த ஒரு வியாழக்கிழமை
தோசை சுட.
தப்பா என்று சாமியாரிடம் நான் கேட்கவில்லை.
தோசை நன்றாகத்தான் வந்தது.

தைப்பனி தரையைத் துளைக்கும்;
என் வெறுங்காலையும் விடவில்லை.
ஐந்தரை மணி. கோவிலுக்குள் ஒரு பல்பும் இல்லை.
வாசலில் நின்றோம், காகிதக் கிண்ணம் மாட்டிய
பத்து ரூபாய் மெழுகுவர்த்திகளோடு.
காற்று அணைத்தது. பக்கத்தில் இருந்தவர் கொடுத்தார்.
மறுபடி அணைத்தது. கொடுத்தவருடையதும் அணைந்திருந்தது.
பின்னால் எங்கிருந்தோ வந்தது நெருப்பு,
கைகை மாறி.

வாசகம் தெரிந்ததுதான்:
பிள்ளை பெற்ற நாற்பதாம் நாள்
மரியா கோவிலுக்குப் போகிறாள்.
ஆட்டுக்குட்டிக்கு வக்கில்லை, காணிக்கை இரண்டு புறா.
பேரம் பேசித்தான் வாங்கியிருப்பார்கள்.
'இது இளைத்திருக்கிறதே' என்று யோசேப்பு
ஒன்றைத் தூக்கிக் காட்டியிருப்பார்.
என் தொழில் புத்தி இப்படித்தான் போகும்.

பிறகு சிமியோன்.
பிள்ளையைக் கையில் வாங்கி, போதும், இனி போகலாம் என்றவர்.
அதற்கு முன்?
எத்தனை வருசம், எத்தனை பிள்ளைகள்!
ஒவ்வொன்றையும் வாங்கி, முகம் பார்த்து,
இது இல்லை என்று தெரிந்த பிறகும்
கழுத்தைத் தாங்கி, அழாமல்
தாயிடம் திருப்பிக் கொடுத்திருப்பார் அல்லவா?
அந்தக் காலைகளை யாரும் எழுதிவைக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருசம்.
இந்தத் திருநாளில் கைக்குழந்தைக்காரர்களை
முன்வரிசைக்கு அழைப்பார்கள்.
நான் தூணோரம் நிற்பேன், தூணுக்கும் என்னைத் தெரியும்.

இம்முறை செக்காலை ஸ்டெபினாள்,
மெழுகுவர்த்தி ஒரு கை, பை ஒரு கை,
"பிடிங்கக்கா, ஒரு நிமிசம்" என்று
கேட்காமலே பிள்ளையைத் தந்துவிட்டாள்.
வசம்பு வாசம். ஈரத் துணி.
கனம், ஒரு சரவிளக்கின் கிளையை விடக் குறைவு.
பயல் என்னைப் பார்க்கவில்லை,
என் வலது கையில் எரிந்ததைப் பார்த்தான்.
கண்ணில் இரண்டு சுடர்.
கை ஆடியது, மெழுகு மணிக்கட்டில் வழிந்தது,
அசையவில்லை நான்.

ஒரு நிமிசம் என்றவள் மூன்று எடுத்துக்கொண்டாள்.
கழுத்தைத் தாங்கித் திருப்பிக் கொடுத்தேன்.
அழவில்லை. இருவருமே.

ஒன்பதரைக்குக் கடை.
லீவு கேட்டுவிட்டு வந்ததற்கு வயிரவன் ஒன்றும் கேட்கவில்லை.
மணிக்கட்டில் மெழுகு காய்ந்திருந்தது.
நகத்தால் உரித்தேன், முழுசாக வந்தது,
நரம்பின் தடத்தோடு.
நேற்று சுத்தம் செய்த கிண்ணம் ஒன்றில் போட்டு
துளிகளை எண்ண ஆரம்பித்தேன்.
வாங்குகிறவர் சுரண்டிக்கொள்ளட்டும்.